முப்பத்தைந்தின் பூர்வீகம்

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், காட்பாடிக்கு முன்னால் வருகிறது குடிபாலா. கடைப் பலகை தெலுங்கில் இருக்கும், கடைக்குள் பேச்சு பாதிக்குப் பாதி தமிழில் நடக்கும். 1911 வரை இந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடு ஜில்லா. அதன் தலைநகரே சித்தூர்தான். மாவட்டமும் மாநிலமும் மாறிய பிறகும் உடம்புக்கு ஒன்று என்றால் ஜனங்கள் வேலூரைத்தான் பார்க்கிறார்கள். சி.எம்.சி. இப்போது இந்த மண்டலத்து ராமாபுரத்திலேயே ஒரு வளாகம் வைத்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி வேண்டும் என்பவர்கள் திருப்பதிக்கு, ரூயாவுக்கோ ஸ்விம்ஸுக்கோ போகிறார்கள். எங்கே போனாலும் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். உள்ளே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பழைய சீட்டுகள்.

மாதவிலக்கு வலிக்காக வருஷக்கணக்கில் அலைந்த பெண்களின் அனுமதியோடு அந்தக் கவர்களைப் படிப்பது என் வேலையாக இருந்தது. அவர்களில் பலருக்குக் கடைசியில் எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொல்லப்பட்டிருந்தது. கருப்பையின் உள்படலத்தை ஒத்த திசு வெளியே, சினைப்பையிலோ வயிற்றறைப் படலத்திலோ குடல் மேலோ ஒட்டி வளரும் நோய் அது. மாதாமாதம் அந்த இடம் புண்ணாகி, உறுப்போடு உறுப்பு ஒட்டிக்கொள்ளும். வலியும் குழந்தையின்மையும் அதனால் வருபவை. உலகில் இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கவருக்குக் கவர் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: சிஏ-125. எதிரே ஒரு எண். அதற்கும் எதிரே, எல்லாத் தாளிலும் மாறாமல், ‘35க்குக் கீழ்’. ஒரு பெண்ணுக்கு 35க்குள் வந்திருந்தால், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் ‘நார்மல்’ என்று எழுதியிருப்பார்கள். அடுத்த சீட்டில் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும். அதற்குப் பிறகு சில வருஷங்களுக்கு ஒன்றுமே இருக்காது.

இந்த 35 எங்கிருந்து வந்தது? யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்?

ரத்தம் எடுக்கும் தம்பியிடம்தான் முதலில் கேட்டேன். “கிட்டோட ஒரு பேப்பர் வரும்க்கா. அதுல இருக்கறத அப்படியே சிஸ்டத்துல போட்டுருவோம்” என்றான். மடித்து மடித்து வைத்த அந்தப் பேப்பரைக் கொண்டுவந்தும் கொடுத்தான். பொடி எழுத்து. பரிசோதனையின் பயன் என்ற தலைப்பின் கீழ் இருந்தது இதுதான்: சினைப்பைப் புற்றுநோய் ஏற்கெனவே உறுதியான நோயாளிக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று கண்காணிக்க. எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரும் அதில் இருந்தது, ஆனால் வேறோர் இடத்தில். ‘புற்றுநோய் இல்லாமலே இந்த அளவு உயரக்கூடிய நிலைகள்’ என்ற பட்டியலில், கல்லீரல் சுருக்கத்துக்கும் கர்ப்பத்துக்கும் நடுவில், எச்சரிக்கையாக.

அதாவது கிட் செய்தவர்கள் இடைஞ்சல் என்று எழுதிவைத்ததை நாம் நோக்கமாக்கி வைத்திருக்கிறோம். துப்பறிகிறவருக்கு இதைவிட நல்ல முதல் தடயம் கிடைக்காது.

அந்தப் பேப்பரின் அடிக்குறிப்பிலிருந்து பின்னோக்கிப் போனால் வழி பாஸ்டனில் போய் நிற்கிறது. 1981இல் ராபர்ட் பாஸ்ட், ராபர்ட் நாப் ஆகியோரின் குழு, சினைப்பைப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் வயிற்று நீரிலிருந்து வளர்த்த செல்களை எலிகளுக்குச் செலுத்தி, அவற்றை அடையாளம் காணும் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கிப் பார்த்தது. ஒவ்வொன்றாகச் சோதித்து வந்ததில் 125ஆவது தேறியது. அதனால் எதிர்ப்புப் பொருளுக்கு ஓசி-125 என்றும், அது பற்றிக்கொள்ளும் பொருளுக்குச் சிஏ-125 என்றும் பெயர். அந்தப் பொருள் எந்த மரபணுவிலிருந்து வருகிறது என்பது 2001 வரை பிடிபடவில்லை. மியூசின் வகையைச் சேர்ந்த ராட்சத மூலக்கூறு அது.

35 பிறந்த இடம் 1983ஆம் வருஷத்து நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் கட்டுரை. ஆரோக்கியமாகத் தெரிந்த 888 பேரின் ரத்தத்தை அளந்தார்கள். அவர்களில் ஒரு சதவீதத்தினருக்கு மட்டுமே அளவு 35 அலகுக்கு மேல் போயிற்று. புற்று அல்லாத வேறு நோய் உள்ள 143 பேரில் 6 சதவீதம். அறுவையில் சினைப்பைப் புற்று உறுதியான 101 பேரில் 83 பேர். இதை வைத்து வேலிக்கல் 35இல் நடப்பட்டது. அந்த 888 பேரில் ஆண்களும் பெண்களும் கலந்திருந்தார்கள். மாதவிலக்கு நோய்க்கு நாம் காட்டும் எல்லைக்கோட்டைப் போட்டுக்கொடுத்ததில் மாதவிலக்கே வராதவர்களுக்கும் பங்கு உண்டு!

பாஸ்டன்காரர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு. நோய் இருப்பது தெரிந்த பெண்ணிடம் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தார்கள். 45 சந்தர்ப்பங்களில் 42இல் ரத்த அளவு நோயின் போக்கோடு ஒத்துப்போயிற்று. அந்த வேலைக்கு இன்றும் அது நல்ல கருவி.

பிறகு கல்யாண மண்டபத்து வாசலில் கால் மாறிப்போன செருப்பு மாதிரி, 35 ஒரு நோயிலிருந்து இன்னொரு நோய்க்குப் போய்விட்டது. அது நடந்தது 1986இல். ‘ஃபெர்ட்டிலிட்டி அண்ட் ஸ்டெரிலிட்டி’ இதழில், முற்றிய எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களிடம் சிஏ-125 உயர்ந்திருக்கிறது என்று ஒரு கட்டுரை. ஆசிரியர் பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஆறு பேரில் நாலு பேர் ராபர்ட்: பார்பியரி, கிஸ்ட்னர், பழைய ஆட்களான பாஸ்ட், நாப். கருவியைச் செய்தவர்களே அதைப் பக்கத்து வயலுக்கும் எடுத்துப்போயிருக்கிறார்கள். அதே வருஷம் அதே இதழில் பிட்டவே, ஃபாயஸ் என்ற இருவரும் இந்த அளவைக் கொண்டு எண்டோமெட்ரியோசிஸைக் கண்டறிவது பற்றி எழுதினார்கள்.

1986 கட்டுரையின் தலைப்பிலேயே ‘முற்றிய’ என்று இருக்கிறது. அது வழியில் உதிர்ந்துபோனதுதான் இந்தக் கதையில் நடந்த முதல் திருட்டு. நோய் முற்றி, சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி தொங்கி, குடலோடு கருப்பை ஒட்டிப்போன பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை என்ன புதிதாகச் சொல்லப்போகிறது? அது ஸ்கேனிலேயே தெரியும். ரத்தம் சொல்லவேண்டியது, ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் இருக்கிற இருபது வயதுப் பெண்ணைப் பற்றி. அவளிடம்தான் இந்த அளவு பெரும்பாலும் உயர்வதில்லை.

மறு வருஷமே பிட்டவேயும் ஃபாயஸும் இன்னொரு சிக்கலைக் கண்டு எழுதினார்கள். விலக்கு நாள்களில் சிஏ-125 தானாகவே உயர்கிறது. 1987இலேயே அச்சான செய்தி இது. நான் பார்த்த பரிசோதனைச் சீட்டுகளில் பெயர், வயசு, பால், டாக்டர் பெயர், ரத்தம் எடுத்த நேரம், பில் எண் எல்லாம் இருந்தன. கடைசியாக விலக்கான தேதிக்குக் கட்டம் இல்லை. தம்பியிடம் மறுபடி கேட்டேன். “அதெல்லாம் கேட்டா தப்பா நினைப்பாங்கக்கா” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கேட்கவேண்டியது அவன் இல்லை, சீட்டு.

சித்தூர் மாவட்டக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு கிளைக்கதை உண்டு. சிஏ-125 புற்றின் சொத்தோ கருப்பையின் சொத்தோ இல்லை. வயிற்றறை, நுரையீரல், இதயம் இவற்றைப் போர்த்தியிருக்கும் படலங்களும் அதை உண்டாக்குகின்றன. எந்தப் படலம் அழன்றாலும் அளவு ஏறும். நம் ஊரில் அந்தப் படலங்களை அழற்றுவதில் பழைய கை காசநோய். 1915இல் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் சானடோரியம் திறந்த காலத்திலிருந்து பழைய சித்தூர் மாவட்டத்துக்கும் காசநோய்க்கும் உள்ள உறவு எல்லாருக்கும் தெரியும். டேனிஷ் டாக்டர் ஃப்ரீமோட்-மோல்லரின் பெயரை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். வயிற்றறைக் காசநோயில் சிஏ-125 நூற்றுக்கணக்கில் ஏறும், காசநோய் மருந்து கொடுத்தால் இறங்கும். கருக்குழாயைத் தாக்கும் காசநோயும் இந்தியாவில் குழந்தையின்மைக்கு முக்கியமான காரணம். வலியோடும் குழந்தையின்மையோடும் வந்த பெண்ணுக்கு அளவு 200 என்று வந்தால், அது எண்டோமெட்ரியோசிஸா, காசநோயா, புற்றா? அந்த எண்ணால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. சாக்லேட் கட்டி உடைந்தால் அளவு ஆயிரங்களுக்கே போவதுண்டு. புற்று என்று பயந்து குடும்பமே அழுது ஓய்ந்த பிறகு, அறுவையில் கட்டி மட்டும் இருந்ததாக எழுதப்பட்ட நோயாளிக் குறிப்புகள் மருத்துவ இதழ்களில் பல.

இதற்குள் கருவியே மாறிவிட்டது. 1990களில் எம்-11 என்ற இன்னொரு எதிர்ப்புப் பொருளையும் சேர்த்து இரண்டாம் தலைமுறைக் கிட்டுகள் வந்தன. இயந்திரம் மாறிற்று, வேதியியல் மாறிற்று. 35 மட்டும் குத்துக்கல்லாட்டம் நின்றது.

கணக்கு தீர்க்கப்பட்டது 1998இல். நெதர்லாந்தின் மோல் என்பவரும் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நோய் இல்லாதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும்படி எல்லைக்கோட்டை வைத்தால், நோய் உள்ளவர்களில் 28 சதவீதத்தினரைத்தான் பிடிக்க முடிந்தது. முற்றிய நிலையை மட்டும் எடுத்தாலும் 47 சதவீதம். பிறகு 2016இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து நிசன்பிளாட் குழு காக்ரேன் அமைப்புக்காகச் செய்த பெருந்தொகுப்பு: 141 ஆய்வுகள், 15,141 பெண்கள், 122 ரத்தக் குறியீடுகள். அறுவைக்கு மாற்றாக நிற்கவேண்டுமானால் ஒரு குறியீடு நோயுள்ள நூறு பேரில் 94 பேரைப் பிடிக்கவேண்டும், நோயில்லாத நூறு பேரில் 79 பேரை விடவேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே வரம்பு வைத்துக்கொண்டார்கள். அந்த வரம்பை நம்பத்தகுந்த ஆதாரத்தோடு தாண்டியது 122இல் ஒன்றுகூட இல்லை. 35க்கு மேல் என்று வைத்துப் பார்த்தபோது சிஏ-125 பிடித்தது 40 சதவீதம், சரியாக விட்டது 91 சதவீதம்.

இதைக் குடிபாலா கணக்கில் போட்டுப் பார்த்தேன். வலியே இல்லாதவர்களையும் சேர்த்து ஆயிரம் பெண்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனை செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒருவர் என்றால் நூறு பேருக்கு நோய். அவர்களில் 40 பேருக்கு அளவு உயரும், 60 பேர் ‘நார்மல்’ என்று வீட்டுக்குப் போவார்கள். நோயில்லாத 900 பேரில் 81 பேருக்கு வீணாக உயரும். மொத்தம் உயர்ந்தவர்கள் 121, அதில் உண்மையில் நோயுள்ளவர்கள் 40. மூன்றில் ஒன்று. இந்த அறுபது பேரின் கவர்களைத்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

சிஏ-125 தோற்றது என்றால் வேறு எதைத் தேடினார்கள்? இங்கே வழி அமெரிக்காவிலிருந்து மும்பைக்குத் திரும்புகிறது. எனக்கு இந்தத் தேடலில் அதிகம் பிடித்த பகுதியும் இதுதான்.

1927இல் ஆல்பனி ஊர் டாக்டர் ஜான் சாம்ப்சன், விலக்கு ரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றறைக்குள் விழுந்து அங்கே முளைக்கிறது என்றார். ஆனால் 1984இல் ஹால்மே குழு பார்த்தபோது, கருக்குழாய் அடைபடாத பெண்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கு இப்படிப் பின்னோக்கி ரத்தம் போகத்தான் செய்கிறது. அத்தனை பேருக்கும் விழுகிற விதை பத்தில் ஒருவரிடம் மட்டும் ஏன் முளைக்கிறது? உடம்பின் காவல்படையில்தான் கோளாறு இருக்கவேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். 1982இலேயே மாத்தூர் என்பவரின் குழு, இந்தப் பெண்களின் ரத்தத்தில் தங்கள் கருப்பைப் படலத்துக்கே எதிரான எதிர்ப்புப் பொருள்கள் இருப்பதாக எழுதியிருந்தது. எதற்கு எதிராக, எந்தப் புரதத்துக்கு எதிராக என்பது நெடுநாள் புதிராகவே கிடந்தது.

அதைப் பிரித்தெடுக்க முயன்றது மும்பை பரேலில் இருக்கும் தேசிய இனப்பெருக்க ஆரோக்கிய ஆராய்ச்சி நிறுவனம். ராகுல் கஜ்பியே, விருந்தா கோலே ஆகியோரின் குழு கருப்பைப் படலத்தின் புரதங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்து விரித்தது. நோயுள்ள பெண்களின் ரத்தநீர் எந்தப் புள்ளியில் போய் ஒட்டுகிறது என்று பார்த்தது. ஒட்டிய புள்ளிகளை நிறை அளவியால் அடையாளம் கண்டது. ட்ரோபோமயோசின்-3, ஸ்டோமாட்டின் போன்ற புரதம்-2, ட்ரோபோமாடுலின்-3 என்று மூன்று பெயர்கள் வந்தன. 2012இல் ‘ஹியூமன் ரிப்ரொடக்‌ஷன்’ இதழில் வந்த அந்த ஆய்வின் முக்கியமான சேதி, சிஏ-125 கோட்டைவிடுகிற தொடக்க நிலையில் இந்த எதிர்ப்புப் பொருள்கள் அதைவிட நன்றாகப் பிடித்தன என்பது. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்ட ஆய்வு என்பேன்.

காக்ரேன் தொகுப்பிலும் கருப்பைப் படலத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் ஓரளவு மரியாதையோடு நிற்கின்றன: நாலு ஆய்வுகள், 759 பெண்கள், பிடித்தது 81 சதவீதம், சரியாக விட்டது 75 சதவீதம். வரம்புக்கு அது போதவில்லை. 35ஐப் போல ஒரே மூச்சில் ஊரூராகப் பரவும் யோகம் மும்பை மூலக்கூறுகளுக்குக் கிடைக்கவில்லை. ஒருவிதத்தில் அது நல்லதுதான்.

மற்ற சந்தேக நபர்களை வேகமாகச் சொல்லிவிடலாம். சிட்னியில் 2006இல் நோயுள்ள பெண்களின் கருப்பை உள்படலத்தில் மெல்லிய நரம்பிழைகள் அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். 2009இல் 99 பெண்களிடம் செய்த ஆய்வில் 98 சதவீதம் பிடித்ததாக எண் வந்தது. உலகமே நிமிர்ந்து பார்த்தது. பிறகு வேறு ஊர்களில் செய்தபோது அந்தப் பளபளப்பு நிற்கவில்லை. இப்போதைய நட்சத்திரம் பிரான்ஸின் உமிழ்நீர்ப் பரிசோதனை: 109 நுண் ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்துப் படிக்கும் கணினி முறை. 2023இல் வெளிவந்த சரிபார்ப்பில் 96 சதவீதம் பிடித்து 95 சதவீதம் சரியாக விட்டது. அது மூலத்தில் உருவானது 200 பெண்களிடம். அவர்களில் 153 பேருக்கு நோய் உண்டு, 47 பேருக்கு இல்லை. நாலில் மூன்று பேருக்கு நோய் இருக்கும் கூட்டத்தில் வளர்ந்த கருவி, பத்தில் ஒருவருக்கு இருக்கும் கூட்டத்தில் என்ன செய்யும் என்பதை நின்று நிதானித்துத்தான் பார்க்கவேண்டும். நாற்பது வருஷத்துக் கட்டுரைகளைப் படித்தவளுக்கு 96 என்ற எண்ணைப் பார்த்ததும் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம் வருகிறது. இந்தப் பரிசோதனை வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

யாருடைய ரத்தம் என்பது இன்னொரு விஷயம். 2023இல் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’ இதழில் இந்த நோயின் மிகப் பெரிய மரபணு வரைபடம் வெளியானது. நோயுள்ள 60,674 பேர், இல்லாத 7,01,926 பேர், மரபணுத்தொகுதியில் 42 இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அத்தனை பேரும் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளி. ஏழரை லட்சம் பேர் கொண்ட அந்த வரைபடத்தில் தெற்காசியா என்ற தேசமே கிடையாது.

அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தியாவில் எண்டோமெட்ரியோசிஸுக்கான மருத்துவ, மரபணு ஆய்வு ஒன்று பல ஊர் மருத்துவமனைகளைச் சேர்த்து நடக்கிறது. நடத்துவது அதே பரேல் நிறுவனம், தலைமை அதே கஜ்பியே. அவர்கள் கையாள்வது 2014இல் உலக அளவில் வகுக்கப்பட்ட ஒரு பதிவு முறையை. ரத்தம் எடுத்தபோது விலக்கின் எத்தனையாவது நாள், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாரா, எடுத்த ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைபெட்டிக்குப் போயிற்று, அறுவையில் கண்ட புண் எந்த நிறம், எந்த இடம் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு.

ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022இல் தன் வழிகாட்டியைப் புதுப்பித்தபோது, ரத்தம், கருப்பைத் திசு, விலக்கு ரத்தம் எதிலும் குறியீடு அளந்து இந்த நோயைக் கண்டறியவேண்டாம் என்று டாக்டர்களுக்கு நேராகவே சொல்லிவிட்டது. அறிகுறியைக் கேட்டு, ஸ்கேன் பார்த்து, அறுவைக்குக் காத்திராமல் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதும் அதில் உண்டு. சித்தூரில் இருக்கும் ஒரு மகப்பேறு டாக்டரிடம் இதை எடுத்துப்போய்க் காட்டினேன். “வலிக்காக நான் சிஏ-125 எழுதறத விட்டு ரொம்ப நாளாச்சும்மா” என்றார். “ஸ்கேன்ல கட்டி பார்க்கறதுக்கு ஒரு மாதிரியா, புற்றா இருக்குமோன்னு இருந்தா எழுதுவேன். ஆனா பேஷன்ட்டே வந்து கேக்கறாங்க. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுதினாங்க, எனக்கு ஏன் எழுதலன்னு. இல்லன்னு சொன்னா நேரா லேபுக்குப் போய் பேக்கேஜ்ல எடுத்துட்டு வந்துடறாங்க.” அந்தப் பேக்கேஜ் விளம்பரத்தைப் பிறகு சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் பார்த்தேன். தைராய்டு, சர்க்கரை, விட்டமின்-டி, அவற்றோடு சேர்த்துப் ‘பெண்கள் நலம்’ என்ற தலைப்பில் சிஏ-125.